இஸ்தான்புல்லுக்குப் போன குருமா

வெளிநாட்டுக்காரர் திட்டுவதைப் பக்குவமான தமிழிலும், உள்ளூர்க்காரர் திட்டுவதைப் பக்குவமான இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்லச் சம்பளம் வாங்குகிறவருக்குத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் என்று பெயர். நான் அந்த வேலையைப் பல வருஷம் பார்த்தேன். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் மாட்டிக்கொண்டவர்களாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். காலையில் பையர் அனுப்பிய மெயிலைத் திறந்துவிட்டு, வாயில் வைத்த இட்லியை விழுங்க மறந்த சக பாவிகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் கொடுக்கிறவர் பையர். அவர் சொல்வதுதான் சட்டம், சாஸ்திரம் எல்லாம்.

அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு தடவை நாங்கள் ஒரு வரி சேர்த்தோம். அந்தக் கதைதான் இது.

தலைகீழ் மரம்

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் திருப்பூர் ராயபுரத்தில் இருந்த எங்கள் கம்பெனிக்கு இஸ்தான்புல்லில் இருந்து ஒரு ஆர்டர் வந்தது. இதில் இருக்கிற பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பனியன் தொழிலில் துருக்கிக்காரர்கள் நமக்குப் பங்காளிகள். ஐரோப்பாவில் இருந்து வருகிற பையர் எவரானாலும், “துருக்கியில் இதைவிடச் சீக்கிரம் தருகிறார்களே” என்று சொல்லித்தான் நம்மை மிரட்டுவார். அந்தத் துருக்கியில் இருந்தே ஒரு அம்மாள் டீ-சர்ட் தைத்துத் தரச் சொல்லி நம் கேட்டைத் தட்டினால் எங்கள் முதலாளி சும்மா இருப்பாரா? டீக்கடையில், கல்யாணத்தில், பெட்ரோல் பங்கில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த அம்மாளின் பெயர் நெர்மின். ஒரு சின்ன பிராண்டின் டிசைனர். அவர் அனுப்பிய டிசைனில் பூ இல்லை, புலி இல்லை, மண்டையோடும் இல்லை. வெறும் வார்த்தைகள். பல நூறு வருஷத்துக்கு முன்பு மத்திய ஆசியாவில் குதிரையில் திரிந்தவர்கள் பேசிய துருக்கிய மொழிகளில் இருந்து ஐந்து வார்த்தைகளை எடுத்து, சட்டைக்கு ஒன்றாக வைத்திருந்தார். கழுத்துக்குக் கீழே அந்தப் பழைய வார்த்தை. அதிலிருந்து ஆலமரத்து விழுது போலக் கோடுகள் கீழே இறங்கும். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும், அந்த வார்த்தை இன்றைக்கு எந்த மொழியில் என்னவாக வாழ்கிறது என்பது அந்தந்த மொழியின் எழுத்திலேயே இருக்கும். படை முகாமைச் சொன்ன ‘ஓர்து’ ஒரு விழுதில் உருது என்று ஒரு மொழிக்கே பெயராகி, இன்னொரு விழுதில் கும்பலைக் குறிக்கும் இங்கிலீஷ் ‘ஹோர்ட்’ ஆகி நின்றது. ‘பெக்’ என்ற தலைவனிடமிருந்து பேகம் வந்திருந்தாள். ‘யோகுர்த்’ உலகம் பூராவும் தயிராக உறைந்திருந்தது. நான்காவதைப் பிறகு சொல்கிறேன். ஐந்தாவது சட்டை ‘கவுர்மா’. வறுத்தது என்று அர்த்தம். அந்த விழுது பாரசீகம் வழியாக டெல்லி வரைக்கும் இறங்கி, உருது எழுத்தில் ‘கோர்மா’ என்று நின்றுவிட்டது.

முதலாளி முதலில் தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தார். மரம் தலைகீழாக இருக்கிறதே, பிரிண்டிங் பிலிமை மாற்றி எடுத்துவிட்டார்களோ என்று அவருக்குச் சந்தேகம். பிறகு ஒவ்வொரு எழுத்தும் என்ன மொழி என்று என்னைச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கே சுருக்கென்றது. பிரெஞ்சில் காதல் வசனம், ஜெர்மனில் கால்பந்து வசனம், என்ன அர்த்தமென்றே தெரியாத ஜப்பான் எழுத்து என்று எங்கள் கையால் எத்தனையோ மொழிகளைத் துணியில் அடித்துக் கப்பல் ஏற்றியிருக்கிறோம். ஒரு தமிழ் எழுத்து ஏறியதில்லை. டெல்லி வரைக்கும் வந்த கவுர்மா திருப்பூருக்கு வராமலா இருக்கிறது? தெருவுக்குத் தெரு கொதிக்கிறதே! இந்தச் சட்டையில் எப்படியாவது ‘குருமா’ ஏறியாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். முதலாளி தாளை மேஜையில் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாப் பங்காளியும் இருக்கறாங்க கண்ணு, நம்ம குருமாவ மட்டும் ஏன் பந்தியில உக்கார வெக்குல?”

அம்பு ஸ்டிக்கர்

செக்கிங் செக்‌ஷன் என்றால் உங்களுக்குத் தெரியும். தைத்த பீஸை வெளிச்சத்தில் விரித்து, கறையோ ஓட்டையோ இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். எங்கள் செக்கிங் சூப்பர்வைசர் மரகதம் அக்காவின் கண்ணில் இருந்து கொசுவின் கால்தடம் கூடத் தப்பாது. ட்ரையலுக்கு அடித்த சட்டைகளை அவரிடம் அனுப்பினேன். அத்தனையும் அம்போடு திரும்பி வந்தன. நெர்மினுக்கு அந்த மரங்களை வரைந்து கொடுத்தவர் அங்கே ஒரு பேராசிரியர். எந்த ஏட்டிலும் கிடைக்காமல், இப்படித்தான் இருந்திருக்கும் என்று அறிஞர்கள் கணித்த வடிவங்களுக்கு முன்னால் அவர் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருந்தார். மரகதம் அக்கா ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு அம்பு ஒட்டியிருந்தார். போதாக்குறைக்கு, நாலைந்து சட்டைகளில் கறை எடுக்கும் மருந்தை அடித்து நட்சத்திரத்தைச் சுத்தமாக எடுத்தும் இருந்தார்.

அவரை உட்கார வைத்து விளக்கினேன். பேரன் பேத்திகளின் மூக்கையும் முழியையும் பார்த்து, பார்க்காத கொள்ளுத்தாத்தாவுக்குப் படம் வரைகிற மாதிரி இதுவும் ஒரு வேலை, அந்தப் படத்துக்கு அடையாளம்தான் நட்சத்திரம் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கவுர்மா சட்டையை மடியில் விரித்து, கீழிருந்து மேல்வரை விரலால் தடவிப் பார்த்தார். “யாருமே பேசிக் கேக்காத வார்த்தைக்கு ஸ்டார் வெக்கறாங்க, தெனமும் நாம பேசற வார்த்தைக்கு ஒரு கோடு இல்லீங்களா அம்மிணி?”

தொலைந்த சாமான்

ட்ரையல் பீஸ்களைப் பார்க்க நெர்மினே நேரில் வந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் கேமரா, யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக் குலுக்குகிற பழக்கம். எங்கள் முதலாளி முதல் நாளே அவரை ‘நெர்மின் அம்மிணி’ ஆக்கிவிட்டார். துருக்கியில் பெண்களைப் பெயரோடு ‘ஹனிம்’ சேர்த்து மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். அதுவும் ‘கான்’ என்ற அரசப் பட்டத்திலிருந்து வந்ததுதான் என்று நெர்மின் சொன்னார். அரசியாக இருந்தாலும் திருப்பூருக்குள் வந்தால் அம்மிணிதான் என்று முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நூல் வெட்டுகிற மேஜைப் பக்கம் போனபோது நெர்மின் சட்டென்று நின்றார். பீகாரில் இருந்து வந்த முன்னா என்ற தொழிலாளி பக்கத்தில் இருந்தவரிடம் கத்தரிக்கோல் கேட்டிருந்தார். இந்தியில் அது ‘கைஞ்சி’. “மறுபடி சொல்லுங்கள்” என்றார் நெர்மின். முன்னா சொன்னார். “இன்னொரு தடவை.” முன்னாவுக்கு வேர்த்துவிட்டது. “நான் எடுக்கலை மேடம்” என்று இந்தியில் கெஞ்சினார். எங்களுடைய ஐந்து சட்டைகளில் ஒன்றின் வார்த்தையே அதுதான். பழைய துருக்கிய மொழிகளில் கத்தரிக்கோலுக்கு ‘கய்ச்சி’. உஸ்பெக்கிலும் அஜர்பைஜானிலும் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. இஸ்தான்புல்லில் மட்டும், அரபியிலிருந்து வந்த ‘மக்காஸ்’ என்ற வார்த்தை நுழைந்து அதை வெளியேற்றிவிட்டது. நெர்மின் முன்னாவின் கையைக் கத்தரிக்கோலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “எங்கள் வீட்டில் நாங்கள் தொலைத்த சாமானை, இத்தனை தூரத்தில் இவர் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறார்.”

ஆறாவது சட்டை

இளகிய இரும்பைக் கண்டால் கொல்லன் அடிப்பது போல நானும் அடித்தேன். அன்றைக்கே நெர்மினிடம் குருமாவைப் பற்றிச் சொன்னேன். தமிழில் கத்தரிக்குக் கத்தரி என்று எங்கள் வார்த்தையே இருப்பதால் கய்ச்சிச் சட்டையில் எங்களுக்கு வேலை இல்லை, கவுர்மா சட்டையில் இருக்கிறது என்றேன். அவர் மறுக்கவில்லை. பேராசிரியர் ஒப்புக்கொண்டால் தனக்குச் சம்மதம் என்றார். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? எங்கள் ‘துப்பாக்கி’யும் உங்கள் ஊர்ச் சரக்குதான், அகராதியிலேயே போட்டிருக்கிறது என்றேன்.

அவருக்கு அது தெரிந்திருந்தது. துருக்கியில் துப்பாக்கிக்கு ‘துஃபெக்’. அதற்கும் முன்னால், வெடிமருந்தே இல்லாத காலத்தில், அந்த வார்த்தை ஒரு பச்சைக் குச்சிக் குழாய்க்குப் பெயராக இருந்ததாம். அதில் உருண்டையைப் போட்டு வாயால் ஊதிச் சிட்டுக்குருவி அடிப்பார்களாம். குருவி அடித்த குழாய் வளர்ந்து, நடந்து, தமிழ்நாட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வரை வந்திருக்கிறது! இதை ஆறாவது சட்டையாகப் போடலாம் என்றேன். முதலாளியும், போட்டுப்போடலாமுங்க என்று கூடச் சேர்ந்துகொண்டார். நெர்மின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏர்போர்ட்டில் நிற்கப்போவது நீங்களா, நானா?”

நீச்சல் அடிக்கிற கவுர்மா

பேராசிரியருக்கு எழுதுவதற்கு முன்னால் குருமாவைத் தன் வாயால் சோதித்துவிட வேண்டும் என்றார் நெர்மின். நியாயம்தானே? துணியைத் தொட்டுப் பார்க்காமல் எந்த டிசைனரும் கையெழுத்துப் போடுவதில்லை. கம்பெனிக்கு எதிரே இருந்த பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் வாழை இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, வாளியில் இருந்து குருமாவை ஊற்றினார். நெர்மின் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் கவுர்மா என்றால் இறைச்சியை அதன் கொழுப்பிலேயே சொட்டு ஈரம் இல்லாமல் வறுத்து வைப்பது. எங்களுடையது தேங்காய்ப்பாலில் நீச்சல் அடித்துக்கொண்டிருந்தது.

வறுத்தது என்ற பெயரை வைத்துக்கொண்டு இது எப்படி இத்தனை நனைந்தது என்று சிரித்தார். வழியில் ஒவ்வொரு ஊரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கைச்சரக்கைச் சேர்த்திருக்கும், கடைசியாக நாங்கள் தேங்காய் அரைத்து விட்டிருக்கிறோம் என்றேன். நான் சும்மா அடித்துவிட்டதுதான். அவர் தலையை ஆட்டி, இன்னொரு பரோட்டா கேட்டார். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கடைக்காரர் கேட்டதும், அவர்கள் ஊர்க் குருமாவில் தண்ணீரே இருக்காதாம் என்று சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். “தண்ணியில்லாத குருமாவ பரோட்டா மேல எப்படீங்க ஊத்துவாங்க, பாவம்?”

ஆணியோடு போன சாட்சி

நெர்மின் ஊருக்குப் போய்ப் பேராசிரியரிடம் பேசினார். அவர் ஒரு நிபந்தனை போட்டார். அகராதியில் இருக்கிறது என்று சொன்னால் போதாது. சாதாரண மக்கள் தங்கள் அன்றாட வேலைக்கு, தங்கள் எழுத்தில், தாங்களே எழுதி வைத்திருப்பதைக் காட்ட வேண்டும். அவர் கேட்டது ஒரு போட்டோ. அதை முதலாளியிடம் சொன்னேன்.

நம் தொழிலில் எதற்கு அப்ரூவல் வேண்டுமானாலும் நிஜப் பொருளைத்தான் அனுப்புவோம். துணி என்றால் துண்டுத் துணி, பட்டன் என்றால் பட்டன், லேபிள் என்றால் லேபிள். எல்லாம் கூரியரில் பறக்கும். முதலாளிக்கு இது ரத்தத்தில் ஊறியது. நேராகப் பரோட்டாக் கடைக்குப் போனார். புதுப் போர்டு எழுதித் தருவதாகச் சொல்லி, வாசலில் தொங்கிய ‘சூடான பரோட்டா – குருமா’ தகரப் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு போட்டோ போதும் சார் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். “போட்டோவுல கலர் மாறிப் போயிருங் கண்ணு” என்றார். எண்ணெய்ப் பிசுக்கோடு அந்தப் போர்டு, ‘சாம்பிள், விற்பனைக்கு அல்ல’ என்ற சீட்டை ஒட்டிக்கொண்டு இஸ்தான்புல்லுக்குப் பறந்தது.

பதில் வரும் வரைக்கும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். படித்த மனிதர், கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டால் குருமாவின் கதை அதோடு முடிந்தது. அவரிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. முதல் வரியில், தமிழ் விழுதைச் சேர்க்கலாம் என்றிருந்தது. நான் நாற்காலியில் இருந்து எழுந்து கத்திய கத்தலில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனே ஓடி வந்தது. இரண்டாவது வரி இது: “என் ஆராய்ச்சி வாழ்க்கையில் இதுவரை யாரும் எனக்குச் சாட்சியை ஆணியோடு அனுப்பியதில்லை.”

இடம் இல்லை

பந்தியில் இலை போட்டாயிற்று. உட்கார இடம்தான் இல்லை. மரம் ஏற்கனவே பிரிண்டிங் பிரேமின் கீழ் விளிம்பு வரைக்கும் வந்திருந்தது. மேலே இருக்கும் எழுத்துகளுக்கு நடுவே தமிழைச் செருக வேண்டுமானால் எறும்பு அளவுக்குக் குறுக்க வேண்டும். அப்படியே குறுக்கி ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பார்த்தோம். நம் எழுத்துகளின் அழகே வளைவுதானே? வளைவுக்குள் எல்லாம் மை புகுந்து அடைத்துக்கொண்டது. ‘குருமா’ இருந்த இடத்தில் வரிசையாக நாலு மிளகு உட்கார்ந்திருந்தது.

எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் ஆரோக்கியராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் மைக் கரண்டியை வீசுவார், சந்தோஷம் வந்தாலும் அதையேதான் வீசுவார். அவர் ஒரு யோசனை சொன்னார். மரத்தை முதலில் அடித்துக் காயவிடுவது. பிறகு துணியை மேலே நகர்த்தி வைத்து, தமிழுக்கென்றே தனி ஸ்கிரீனில் மீதி விழுதை அடிப்பது. நூல் அளவு பிசகினாலும் கோடு இரண்டும் சேராமல் விழுது அறுந்து தொங்கும். வேலை இரட்டிப்பு, ரிஜெக்‌ஷன் பயம் வேறு. முதலாளி தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். கொஞ்சம் சின்னதாக, ரொம்பக் கொஞ்சமாக, எழுத்தைக் குறைத்தால் ஒரே தடவையில் முடியாதா என்று நானே பயந்துபோய்க் கேட்டேன். மாஸ்டர் கரண்டியைக் கையில் எடுத்தார். நல்ல வேளையாக வீசவில்லை. “எழுத்தச் சுருக்கச் சொல்லாதிய மேடம், வேணும்னா விழுத நீட்டிக்கிடுவோம்.”

நீட்டினார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, துணியை மூச்சுப் பிடித்து வைத்து அடித்தார்கள். டெல்லியைத் தாண்டி, தொப்புளுக்கு நேராக, முந்திரிப்பருப்பு அளவு வளைவுகளோடு ‘குருமா’ வந்து நின்றது. செக்கிங்கில் அந்தச் சட்டைக்கு மட்டும் மரகதம் அக்கா வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. நான் போய் எட்டிப் பார்த்தபோது ஒரு பீஸைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். “பாருங்க அம்மிணி, அம்பு ஒட்டறதுக்கு எடம் தேடறேன், சிக்கவே மாட்டீங்குது.”

சட்டைக்குள் ஆள்

எல்லாம் முடிந்து அட்டைப் பெட்டிகள் அடுக்கிய பிறகுதான் ஆபத்து வந்தது. சரக்கைப் பார்த்துச் சரி என்று சொல்ல, பையர் சார்பில் கோயம்புத்தூரில் இருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். அவர் கையில் பையர் கையெழுத்துப் போட்டு சீல் வைத்த சாம்பிள் இருக்கும். பெட்டியில் இருப்பது அச்சு அசல் அந்த சாம்பிள் போலவே இருக்க வேண்டும். கூட இருந்தாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். சீல் வைத்த சாம்பிளில் பட்டன் கோணலாக இருந்தால், எல்லாச் சட்டையிலும் கோணலாகத் தைக்கிறவர்கள் நாம். அவர் கவுர்மா சட்டையைப் பிரித்தார். தன் சாம்பிளைப் பக்கத்தில் விரித்தார். அதில் டெல்லியோடு மரம் முடிந்திருந்தது. தமிழ் சேர்ப்பதற்கு முன்னால் சீல் வைத்த பழைய சாம்பிள்! “நானும் தமிழ்தாங்க, எனக்கும் ஆசையாத்தான் இருக்குது. ஆனா இதை ஃபெயில் பண்ணித்தான் ஆகோணும்” என்றார். மற்ற நான்கு சட்டைகளையும் ஏற்றிவிடுங்கள், இதை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவரே வழியும் சொன்னார். கன்டெய்னர் வாசலில் நின்றது. முதலாளி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. “ஏத்துனா அஞ்சையும் ஏத்துங்க, இல்லீனா அஞ்சும் இங்கயே கெடக்கட்டுமுங்க.”

நெர்மினுக்குப் போன் போட்டேன். தமிழ் சேர்த்த பிறகு அவர் இன்னொரு தடவை வந்து, புதுச் சட்டையைப் பார்த்து, அதில் கட்டியிருந்த அட்டையில் கையெழுத்துப் போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தச் சாம்பிளை சீல் வைத்து இன்ஸ்பெக்டர் ஆபீசில் கொடுப்பதாகச் சொல்லித்தான் எடுத்துப்போனார். அது எங்கே என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். ஏர்போர்ட்டில் ஆசை தாங்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டாராம். அப்படியே விமானம் ஏறிவிட்டாராம். துவைத்தும் விட்டாராம். சீல் வைக்க வேண்டிய சாம்பிளைப் பையரே உடுத்திக்கொண்டு போன அநியாயத்தை நீங்கள் யாராவது கேள்விப்பட்டதுண்டா?

கொஞ்ச நேரத்தில் மெயிலில் ஒரு போட்டோ வந்தது. இஸ்தான்புல்லில் தன் ஆபீஸ் வாசலில் நெர்மின் அந்தச் சட்டையோடு நிற்கிறார். வயிற்றில் குருமா. அதற்குக் கீழே துணியிலேயே மார்க்கர் பேனாவால் பெரிதாகக் கையெழுத்து, தேதி. கையில், முன்பு கையெழுத்துப் போட்டு, உடுத்தும்போது சட்டையிலிருந்து அறுத்த அதே அட்டை. இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு விழுதாகப் பார்த்தார். சட்டையைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார். விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். நாங்கள் எல்லாரும் அவர் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் பேனாவை எடுத்து, பாஸ் என்று எழுதிவிட்டுத் திரும்பினார். “சாம்பிள்ல பையர் கையெழுத்து இருக்கோணும்னுதாங்க ரூல், சட்டைக்குள்ள ஆள் இருக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல.”

மடிப்பு

சரக்கு போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் நெர்மினிடமிருந்து போன். கடைக்காரர்களிடமிருந்து ஒரு புகார் என்றார். பையர் வாயில் புகார் என்று வந்தால் நின்றுகொண்டு கேட்க முடியுமா? உட்கார்ந்துகொண்டு கேட்டேன். நான்கு சட்டைகளும் எல்லா டீ-சர்ட்டும் போலக் கழுத்து மேலே தெரிகிற மாதிரி மடித்துக் கவரில் வந்திருக்கின்றன. கவுர்மா மட்டும் கழுத்தை உள்ளே தள்ளி, வயிற்றுப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து வந்திருக்கிறதாம். கவரைப் பார்த்தால் குருமாதான் தெரிகிறதாம். பேக்கிங் முறையில் நாங்கள் எழுதிக்கொடுத்தது அப்படி இல்லை. இன்ஸ்பெக்டர் அன்றைக்கு இதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் பேசாமல் போனாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

மரகதம் அக்காவைப் போய்க் கேட்டேன். பேக்கிங்கில் இருந்த பெண்களும் அவரும் சேர்ந்து செய்த காரியம்தான். யாரும் மறைக்கவில்லை, யார் முகத்திலும் பயமும் இல்லை. “பேரு தெரியறாப்புலதான மடிக்கோணும் அம்மிணி? எங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச பேரு அதுல அது ஒண்ணுதானுங்க” என்றார் அக்கா. சீட்டுக்குத் திரும்பி வந்து நெர்மினைக் கூப்பிட்டு, அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அடுத்த சரக்கில் மடிப்பை மாற்றிவிடுகிறோம் என்று மன்னிப்பும் கேட்டேன். பக்குவப்படுத்திச் சொல்லியே பழகிய வாய், அன்றைக்கு எதையும் பக்குவப்படுத்தவில்லை. நெர்மின் அந்த மன்னிப்பை ஏற்கவில்லை. “மாற்றாதீர்கள். கடைக்கு வருகிறவர்கள் உங்கள் எழுத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள், இது என்ன என்று கேட்கிறார்கள், அங்கிருந்து மேலே ஏறித்தான் எங்கள் வார்த்தைக்கு வந்து சேர்கிறார்கள்.”

ஒரு வார்த்தையை அதன் பிறந்த வீட்டுக்கே ஏற்றுமதி செய்தவர்கள் நாங்கள், அதுவும் ஷிப்மெண்ட் தேதி தவறாமல்.